ஐந்தாண்டில் இருமடங்கு: ஒரு சாரணர் வட்டாரத்தின் வளர்ச்சித் திட்டம் பற்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே ஒரு சாரணர் வட்டாரத்தின் ஆணையாளராக அண்மையில் பொறுப்பேற்ற அன்பர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாண்டுகளில் உறுப்பினர் எண்ணிக்கையை இருமடங்காக்கும் திட்டமொன்றை எழுதித் தரும்படி மண்டலக் குழு அவரிடம் கூறியிருக்கிறது. பீனிக்ஸ், வெருலம், டொங்காட் ஆகிய இடங்களில் எத்தனை புதிய குழுக்களை, எந்த வரிசையில் தொடங்கினால் அந்த எண்ணிக்கை கைகூடும் என்பது அவர் கேள்வி. திட்டம் ஐந்தாண்டுக்குப் போதுமா, பத்தாண்டுக்கு எழுத வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். கேள்வி புதிய குழுக்களைப் பற்றியதாக இருந்தாலும், அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: இப்போது இருக்கும் குழுக்களில் சேர்ந்த பிள்ளைகள் ஏன் நிலைக்கவில்லை? அதற்கு விடை காணாமல் முதல் கேள்விக்கு விடை எழுத முடியாது என்பது, டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நட்டால் மாகாணத்தில் குருளையர் (சாரணருக்கு முந்தைய இளம் பிரிவு) பொறுப்பிலும் பின்னர் வட்டாரப் பொறுப்பிலும் பெரியவர்களுக்கான பயிற்சியிலும் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கூட்டங்களில் உணர்ச்சியோடு பேசப்படும் பல செய்திகள் ஒரு தாளில் கணக்குப் போட்டதும் தெளிந்துவிடுகின்றன. உங்கள் வட்டாரத்தில் 1,000 பிள்ளைகள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் அவர்களில் 100-க்கு 40 பேர் விலகுவதாகவும், 400 பேர் புதிதாகச் சேர்வதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை அப்படியே 1,000-இல் நிற்கும். இனி இரண்டு வழிகளை ஒப்பிடலாம். முதல் வழியில், விலகுவோர் விகிதத்தைத் தொடாமல் புதிதாகச் சேர்வோரை மட்டும் 500 ஆக்குகிறோம். இரண்டாம் வழியில், சேர்வோரை 400-இலேயே விட்டுவிட்டு, விலகுவோரை 100-க்கு 30 ஆகக் குறைக்கிறோம். முதலாண்டு முடிவில் இரண்டு வழியிலும் 1,100 பேர் இருப்பார்கள். அறிக்கையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஐந்தாம் ஆண்டு முடிவில் முதல் வழி ஏறத்தாழ 1,231-ஐயும் இரண்டாம் வழி ஏறத்தாழ 1,277-ஐயும் எட்டும். அதற்குப் பிறகும் இடைவெளி விரிந்துகொண்டே போகும். முதல் வழி 1,250-க்கு மேல் ஏறவே ஏறாது, இரண்டாம் வழி 1,333 வரை போகும். ஐந்தாண்டில் 2,000 என்ற உங்கள் இலக்கையே எடுத்துக்கொண்டால், 100-க்கு 40 பேர் விலகும் வட்டாரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 834 புதியவர்களைச் சேர்க்க வேண்டும். 30 பேர் மட்டும் விலகும் வட்டாரத்துக்கு 661 போதும். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வட்டாரத்தின் உண்மை எண்களை உறுப்பினர் பதிவேட்டிலிருந்து எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சென்ற ஆண்டுப் பெயர்ப்பட்டியலையும் இந்த ஆண்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ள பெயர்களை எண்ணினாலே போதும். மொத்த எண்ணிக்கையை எல்லோரும் பார்க்கிறார்கள். இந்த எண்ணை வட்டாரக் கூட்டத்தில் யாரும் கேட்டு நான் பார்த்தது மிக அரிது.

அடுத்தது பெரியவர்கள். இதைப் பற்றித்தான் நான் மிகுதியாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு குருளையர் பிரிவிலோ சாரணர் பிரிவிலோ 30 பிள்ளைகள் என்று கொண்டால், 1,000 புதிய பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 33 புதிய பிரிவுகள் வேண்டும். எந்தக் கூட்டத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருந்தாக வேண்டும். ஒருவருக்கு உடல்நலமில்லாமல் போகும், ஒருவருக்கு அலுவலகத்தில் மாற்று நேரப் பணி வரும் என்பதால் நடைமுறையில் மூவராவது இல்லாமல் ஒரு பிரிவு ஓராண்டைத் தாண்டாது. ஆக 100 பெரியவர்கள் தேவை. சிறுவர்களும் சிறுமிகளும் சேர்ந்து இருக்கும் பிரிவுகளில் இரவு முகாமுக்குப் போக ஆண்களும் பெண்களுமாகப் பொறுப்பாளர்கள் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைச் சேர்ப்பது கடினமான வேலையே இல்லை: ஒரு தொடக்கப்பள்ளியின் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசி, கூடாரமொன்றைக் காட்டினால் அன்று மாலைக்குள் 40 பெயர்கள் வந்துவிடும். அந்த 40 பேரையும் மூன்றாம் சனிக்கிழமையிலும் முப்பதாம் சனிக்கிழமையிலும் சந்திக்கப்போகிறவர் யார் என்பதே திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வினா. பிரித்தானியச் சாரணர் இயக்கத்தில் பல்லாயிரக்கணக்கான பிள்ளைகள் காத்திருப்புப் பட்டியலில் இருப்பதற்குக் காரணமும் இதுவே: ஆசையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், நேரம் தரும் பெரியவர்கள் போதவில்லை.

எனவே உங்கள் திட்டத்தில் புதிய குழுக்களின் பட்டியலுக்கு முன்னால் பெரியவர்களின் பட்டியல் வரட்டும். எங்கே தேடுவது என்பதில் என் அனுபவம் சொல்வது இது. நாளிதழில் அறிவிப்புப் போட்டு வந்தவர்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. பிள்ளையை வாரந்தோறும் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காரில் காத்திருக்கும் பெற்றோரில் ஒருவரிடம் நேரில் போய், ‘உங்களால் முடிச்சுப் போடக் கற்றுத்தர முடியுமா, அடுத்த வாரம் இருபது நிமிடம் மட்டும்’ என்று குறிப்பான, சிறிய, முடிவுள்ள ஒரு வேலையைக் கேட்டால் வருகிறார்கள். வந்தவர்களில் சிலர் தங்கிவிடுகிறார்கள். இரண்டாவது ஊற்று, 18 வயது நிரம்பி ரோவர் பிரிவுக்குப் போகும் இளைஞர்கள். மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்ததும் அவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் ஜொஹானஸ்பர்க், கேப் டவுன் என்று சிதறுவது உண்மை. ஆனால் டர்பனிலேயே படிப்பவர்களிடம்கூட யாரும் முறையாகக் கேட்பதில்லை என்பதும் உண்மை. மூன்றாவதாக, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பிள்ளைகளை நடத்தத் தெரிந்தவர்கள் என்பதால் நாம் முதலில் அவர்களைத் தேடிப் போகிறோம். ஆனால் வகுப்பறைப் பழக்கத்தோடு வந்து அணித்தலைவர்களின் வேலையைத் தாங்களே செய்துவிடும் ஆபத்து அவர்களிடம் உண்டு. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியை ஒரு பிள்ளையே நடத்துவது சாரண முறையின் உயிர்நாடி. அது இல்லாத இடத்தில் 13 வயதுப் பிள்ளைக்கு அது இன்னொரு பள்ளிக்கூடமாகத் தெரியும்; அவன் போய்விடுவான்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல். 1919-இல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் தொடங்கிய வூட் பேட்ஜ் பயிற்சி இன்றும் நம் பெரியவர்களுக்கான தகுதியாக இருக்கிறது. அதை முடித்தவர்கள் கழுத்தில் அணியும் மரமணிகளின் மூலவடிவம் சூலு மன்னர் தினுசூலுவுக்கு உரியதாகச் சொல்லப்படும் மாலையிலிருந்து வந்தது. இந்த மாகாணத்தில் சூலு மொழி பேசும் பெற்றோரிடம் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது அந்த வரலாற்றை மறைக்காமல், மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு பெரியவர் முதல் பயிற்சியை முடித்து, பிரிவொன்றைத் தன்னம்பிக்கையோடு நடத்தும் நிலைக்கு வர ஓராண்டாவது ஆகும். அப்படியானால் மூன்றாம் ஆண்டில் திறக்க நினைக்கும் குழுவுக்கான ஆட்களை இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

சட்டம் கேட்கும் காலத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி, பிள்ளைகளோடு பணியாற்றுவோரின் பெயர் சிறுவர் பாதுகாப்புத் தேசியப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில், அதாவது பிள்ளைகளோடு பணியாற்றத் தகுதியற்றவர்களின் பட்டியலில், இருக்கிறதா என்று படிவம் 30 மூலம் சரிபார்க்க வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டுச் சான்றும் தேவை. பதில் வரத் தாமதமாகும்போது, ‘நல்ல மனிதர், எல்லோருக்கும் தெரிந்தவர், அதுவரை தொடங்கட்டும்’ என்று சொல்லும் அழுத்தம் நிச்சயம் வரும். எண்ணிக்கை இலக்கு எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ அவ்வளவு கடுமையாக அந்த அழுத்தம் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கே கூடாது என்பதைத் திட்டத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள். அப்போது உங்களுக்குப் பின்னால் வரும் ஆணையாளருக்கும் அது அரணாக இருக்கும். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, உடல்நலக் குறிப்பு ஆகியவற்றைத் திரட்டும்போது 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் வாட்ஸ்அப் குழுக்களில் பட்டியல்களைச் சுற்றவிடுவதை இன்றே நிறுத்தலாம்.

இனி, பிள்ளைகள் எந்த இடத்தில் விலகுகிறார்கள் என்பது. தென்னாப்பிரிக்காவில் 5, 6 வயதினருக்கு மீர்கட், அதற்கு மேல் குருளையர், 11 வயதிலிருந்து சாரணர், 18-க்கு மேல் ரோவர் என்று பிரிவுகள் இருக்கின்றன. விலகல் எல்லா வயதிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. குருளையர் பிரிவிலிருந்து சாரணர் பிரிவுக்கு மாறும் 11-ஆம் வயதில் ஒரு முறையும், எட்டாம் வகுப்பில் உயர்நிலைப்பள்ளிக்குப் போகும்போது இன்னொரு முறையும் பெருந்தொகையாகப் பிள்ளைகள் கழன்றுகொள்வதை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். முதல் கட்டத்தில் என்ன செய்தால் பலன் கிடைக்கும் என்பது எனக்கு ஐயமின்றித் தெரியும்: மாறுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அந்தப் பிள்ளை சாரணர் பிரிவின் கூட்டங்களுக்குச் சிலமுறை போய்வர வேண்டும், தனியாக இல்லாமல் தன் வயதுத் தோழர் இருவரோடு ஒரே அணியில் சேர வேண்டும், சேர்ந்த முதல் இரண்டு மாதத்துக்குள் ஓர் இரவாவது கூடாரத்தில் தங்க வேண்டும். இரண்டாம் கட்டத்தைப் பற்றி அதே உறுதியோடு பேச முடியாது. பள்ளி விளையாட்டு, வீட்டுப்பாடம், கைப்பேசி, நண்பர் வட்டம் என்று பல காரணங்கள் பின்னிக்கிடக்கின்றன. உண்மையான மலையேற்றமும் உண்மையான பொறுப்பும் இருக்கும் பிரிவுகளில் விலகல் குறைவு என்பது என் கணிப்பு. அதை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், உங்கள் குழுக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபாருங்கள். விலகிய பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, குற்றம் சொல்லாத குரலில் ‘ஏன்’ என்ற ஒரே கேள்வி: கேள்வித்தாள்களைவிட அது அதிகம் சொல்லும்.

நாட்காட்டி என்பது நம் சமூகத்தில் பேசப்படாத ஒரு காரணம். வட்டார நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவோர் ஈஸ்டர் நீள்வார இறுதியில் முகாம் வைப்பது வசதி என்று நினைக்கிறார்கள். ஆனால் பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் திருவிழா; ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே இருக்கும். தைப்பூசக் காவடிக்கு விரதமிருக்கும் வாரங்களிலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் தமிழ்ப் பிள்ளைகளின் வருகை குறையும். முகாமில் மற்றவர்களுக்குச் சமைக்கும் இறைச்சிக் கலத்திலிருந்தே தங்கள் பிள்ளைக்கும் பரிமாறுவார்களோ என்று தாய்மார் தயங்குவார்கள். ரமலான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இதேபோல. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் சாரணர் கூட்டமும் ஒரே நேரத்தில் நடந்தால் பெற்றோர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் செய்வார்கள். நேரத்தை ஒன்றரை மணி தள்ளிவைத்தால் இரண்டும் நடக்கும். உங்கள் பகுதியின் கோயில்கள், மசூதிகள், தேவாலயங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் நாட்காட்டிகளை வாங்கி, வட்டார நாட்காட்டியை அவற்றின் மேல் வைத்து எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். செலவில்லாத இந்த வேலை விலகலைக் குறைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எந்த இடத்தில் புதிய குழு என்பதற்கு இப்போது வரலாம். இங்கே வரலாற்றைத் தாண்டிப்போக வழியில்லை. 1930-களிலிருந்து இந்நாட்டில் சாரண இயக்கம் வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் என்று நான்கு தனித்தனி அமைப்புகளாக இயங்கி, 1977-இல்தான் ஒன்றாயிற்று. 1950-ஆம் ஆண்டுக் குழுப்பகுதிச் சட்டம் மக்களை இனவாரியாகப் பிரித்துவைத்த எல்லைகளுக்குள்தான் நம் குழுக்களும் மண்டபங்களும் இன்னும் பெரும்பாலும் நிற்கின்றன. மாகாணத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வீட்டில் சூலு மொழி பேசுகிறார்கள். இந்திய வம்சாவளிக் குடும்பங்களிலோ பிள்ளைகள் குறைந்து முதியோரின் பங்கு கூடிவருகிறது. இந்தியருக்கென அமைக்கப்பட்ட பீனிக்ஸுக்கு அடுத்த தெருவிலேயே ஆப்பிரிக்கர் குடியிருப்புகளான இனாண்டாவும் குவாமாஷுவும் தொடங்குகின்றன. பத்தாண்டு கழித்துச் சாரணராகப்போகும் பிள்ளைகள் எங்கே பிறந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால் விடை அங்கேதான். ஆகவே பழைய இந்தியக் குடியிருப்புகளுக்குள் மட்டும் குழுக்களை அடுக்கும் திட்டம் எண்ணிக்கையிலும் தோற்கும், இயக்கத்தின் நோக்கத்திலும் தோற்கும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது பீனிக்ஸில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, எல்லைக்கு இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஒரே பானையில் சமைக்கும் ஒரு குழு அங்கே இருப்பதன் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை. அதற்குச் சூலு மொழி பேசும் பொறுப்பாளர்கள் உதவியாளர்களாக மட்டும் இல்லாமல் தலைமையிலேயே இருக்க வேண்டும். சீருடைச் செலவும் உறுப்பினர் கட்டணமும் எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்தக் கூடாது. முதலாண்டில் கழுத்துத்துண்டு மட்டும் போதும் என்று பல குழுக்கள் வைத்துக்கொள்கின்றன. அது நல்ல வழி.

இருமடங்கு என்ற இலக்கைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். 2014-இல் லுப்லியானாவில் கூடிய உலகச் சாரணர் மாநாடு, 2023-க்குள் 10 கோடி இளைஞர்களைச் சென்றடைவது என்ற பெருநோக்கை ஏற்றது. அந்த ஆண்டு வந்தபோது உலக அமைப்பு அறிவித்த எண்ணிக்கை 6 கோடியைக்கூட எட்டவில்லை. அந்த நோக்கால் தீங்கு நேர்ந்ததாக நான் சொல்லமாட்டேன். பல நாடுகளைச் சிந்திக்கவைத்தது. ஆனால் எண்ணிக்கை, பணியாளரின் தேர்வுத்தாளாக மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் உண்டு. 1976-க்குள் தகுதியுள்ள சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்கினரைச் சேர்ப்பது என்று அங்கே ஒரு பேரியக்கம் நடத்தினார்கள். 1974-இல், சிகாகோவில் பட்டியலில் இருந்த பல குழுக்களும் பிள்ளைகளும் தாளில் மட்டுமே இருந்தது அம்பலமாயிற்று. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பொல்லாதவர்கள் என்று எண்ண வேண்டாம். எட்ட முடியாத எண்ணைக் கேட்டால் எண் மட்டும் வந்து சேரும். நீங்கள் மண்டலக் குழுவிடம் இருமடங்கு என்பதற்குப் பதிலாக மூன்று அளவைகளை முன்வைக்கலாம்: சென்ற ஆண்டு இருந்தவர்களில் இந்த ஆண்டும் இருப்போரின் விகிதம், பயிற்சி முடித்த பெரியவர்களின் எண்ணிக்கை, ஆண்டில் குறைந்தது நான்கு இரவுகள் முகாமில் தங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கை. இவை ஏறினால் மொத்த எண்ணிக்கை பின்னால் வரும். எவ்வளவு விரைவில் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எந்த ஆண்டை அடிப்படையாக வைத்து வளர்ச்சியை அளப்பது என்பதிலும் கவனம் தேவை. 2020 முதல் 2022 வரையிலான எண்களை அடிப்படையாக எடுக்காதீர்கள். பெருந்தொற்று, ஜூலைக் கலவரம், 2022 ஏப்ரல் வெள்ளம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து டர்பனைத் தாக்கிய காலம் அது. தாழ்ந்துபோன அந்த எண்களோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் வெற்றிபெற்றதாகத் தோன்றும். 2019-ஐயும் சென்ற ஆண்டையும் சேர்த்துக் காட்டுவது நேர்மையானது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். நன்கொடை நிறுவனமோ லாட்டரி நிதியோ தரும் பணத்தில் சம்பளம் பெறும் களப்பணியாளரை வைத்துப் பள்ளிகளில் குழுக்களைத் தொடங்கினால் அவை விரைவாக எழும். நிதி நின்ற ஆண்டிலேயே பல விழும். களப்பணியாளரை வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருடைய பணி பிள்ளைகளை நடத்துவதாக இல்லாமல் பெரியவர்களைக் கண்டுபிடித்துப் பழக்குவதாக இருக்கட்டும். ஒவ்வொரு குழுவிலிருந்தும் அவர் எப்போது விலகுவார் என்ற தேதி முதலிலேயே எழுதப்பட்டிருக்கட்டும். மண்டபம், நிலம் ஆகியவற்றின் உரிமைப் பத்திரம், நகராட்சிக் குத்தகை, நன்கொடையாளருக்கு வரிவிலக்குச் சான்று தரும் தகுதி ஆகியவை என் பயிற்சிக்கு வெளியே உள்ளவை. அவற்றில் நான் சொல்வதைக் கேட்காமல் வழக்கறிஞரிடமும் தணிக்கையாளரிடமும் எழுத்தில் கருத்துப் பெறுங்கள். பெற்றோரிலேயே அத்தொழில் செய்பவர்கள் இருப்பார்கள்.

ஐந்தாண்டா, பத்தாண்டா என்ற கேள்விக்கு என் விடை, இரண்டையும் வேறுவேறு விரிவில் எழுதுங்கள் என்பது. ஆறு வயதில் மீர்கட்டாகச் சேரும் பிள்ளை ரோவர் ஆகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஆகவே எங்கே, யாருக்காக என்ற திசையைப் பத்தாண்டுக்கு இரண்டு பக்கத்தில் எழுதலாம். பெரியவர்களைத் திரட்டுவது, பயிற்றுவிப்பது, குழு திறப்பது ஆகியவற்றை மூன்றாண்டுக்கு, பெயர்களோடும் மாதங்களோடும் எழுதுங்கள். செலவுக் கணக்கு ஓராண்டுக்குப் போதும். முதலாண்டில் ஒரு புதிய குழுவும் திறக்காமல், இருக்கும் குழுக்களில் மூன்றாவது பெரியவர் இல்லாத ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவரைச் சேர்ப்பதையே வேலையாகக் கொள்ளும்படி நான் வேண்டுகிறேன். மண்டலக் குழுவில் சிலருக்கு அது தயக்கமாகத் தோன்றலாம். அவர்களுக்குக் காட்ட, மேலே சொன்ன இரண்டு பெயர்ப்பட்டியல்களின் ஒப்பீட்டை முதல் கூட்டத்துக்கே கொண்டுபோங்கள். ஒவ்வொரு குழுவின் பொறுப்பாளரையும் தம் எண்ணைத் தாமே படிக்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் பள்ளி தொடங்கும் ஜனவரிக்குப் பிறகு, பிப்ரவரி இறுதியில் அதே ஒப்பீட்டை மீண்டும் செய்து, மூன்றாண்டுத் திட்டத்தை ஓராண்டு முன்னால் நகர்த்துங்கள். உங்கள் வட்டாரத்தின் எண்கள் கிடைத்ததும் பிள்ளைகளின் பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே இடுங்கள். கணக்கை உங்களோடு சேர்ந்து பார்த்துத்தர ஆயத்தமாக இருக்கிறேன்.